லூவர் டிக்கெட்: 'வரிசையில் நிற்க வேண்டாம்' என்பவரை நம்ப வேண்டாம்

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் ஏமாறுவது அங்கே அல்ல, வீட்டில் உட்கார்ந்து டிக்கெட் எடுக்கும்போதே. கூகுளில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இடைத்தரகர்களின் விளம்பரம். 'ஸ்கிப் தி லைன்', 'உதவியாளருடன் நுழைவு' என்று வாய்க்கு வந்த விலை. அருங்காட்சியகமே விற்கும் விலை, 2026 ஜனவரி 14 முதல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் ஐஸ்லாந்து, நார்வே, லிக்டன்ஸ்டைனும்) வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் தரகருக்கு.

அந்த 'உதவியாளர்' செய்வது இவ்வளவுதான்: வெளியே பலகையுடன் நிற்பார், பட்டியலில் பெயரை டிக் அடிப்பார், கண்ணாடிப் பிரமிடு வாசல்வரை நடத்திக்கொண்டு போய் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். நேரம் குறித்த டிக்கெட்காரர்களுக்கு அங்கே தனி வரிசை ஏற்கெனவே உண்டு. பாதுகாப்புச் சோதனையோ எல்லாருக்கும் பொது. இல்லாத சலுகைக்குத்தான் காசு.

இன்னும் மோசமானது வவுச்சர். பணம் கட்டியதும் வருவது டிக்கெட் அல்ல, வெறும் ரசீது. சில தரகர்கள் அதற்குப் பிறகுதான் டிக்கெட்டே தேடுவார்கள். கிடைக்காவிட்டால் போவதற்கு முந்தின இரவு 'நேரம் மாறிவிட்டது' என்று ஒரு மின்னஞ்சல். அதற்குள் அருங்காட்சியகத் தளத்திலும் எல்லாம் தீர்ந்திருக்கும். கைக்கு வந்ததில் தேதி, நுழைவு நேரம், க்யூஆர் குறியீடு மூன்றும் இருக்கிறதா என்று அன்றைக்கே பாருங்கள். செவ்வாய்க்கிழமை தேதி போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது செல்லாது: அன்று லூவர் விடுமுறை.

18 வயதுக்குக் கீழே எந்த நாட்டவருக்கும் இலவசம். 'ஃபேமிலி பேக்' என்று பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கறப்பது பச்சைக் கொள்ளை.

வழிகாட்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. அருங்காட்சியகத்தின் மூன்று பகுதிகளில் ஒன்றான சுல்லியின் அடித்தளத்தில், 1190 வாக்கில் பிலிப் ஓகுஸ்த் மன்னர் கட்டத் தொடங்கிய கோட்டைச் சுவரின் அடிப்பாகம் இன்னும் நிற்கிறது. அதைச் சொல்லிக் காட்ட ஆள் இருந்தால் நல்லதுதான். ஆனால் பிரெஞ்சு அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிக்குத் தொழில் அட்டை உண்டு, கேட்டுப் பாருங்கள். 'மோனாலிசா மட்டும்' சுற்றுலா வீண்: அந்த ஓவியம் இருப்பது தெனோன் என்ற இன்னொரு பகுதி, முதல் மாடி, 711ஆம் அறை. வழிநெடுக அவள் படம் போட்ட அம்புக்குறிதான்.

வெளியே கையெழுத்து வேட்டைக்குக் காகிதம் நீட்டுபவர்களிடம் நிற்காதீர்கள். ஒரு கை பேனாவைக் கொடுக்கும், இன்னொன்று உங்கள் பைக்குள் இருக்கும்.