லினக்ஸ் சவுண்டு டிரைவருக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

காரைக்குடிப் பக்கம் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. இதே வசனத்தை வேறு கடையிலும் கேட்கலாம்.

கோனாபட்டில் அப்பத்தா பாடும் தாலாட்டுகளைப் பதிவு செய்வதற்காக, இன்டெல் 10-ஆம் தலைமுறை லேப்டாப் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டெபியன் 11 என்ற லினக்ஸை (விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளம்) கடையிலேயே போட்டுத் தந்தார்கள். வீட்டில் வந்து திறந்தால் ஸ்பீக்கரும் இல்லை, மைக்கும் இல்லை. செட்டிங்ஸில் ‘டம்மி அவுட்புட்’ என்று மட்டும் இருந்தது, அதாவது சவுண்டு கருவி எதுவும் தெரியவில்லை.

திரும்பக் கொண்டுபோனேன். “அண்ணே, சவுண்டு ஐசி போயிருச்சு. போர்டு மாத்த 6,500 ஆகும். இல்லாட்டி யூஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கிக்கங்க, லினக்ஸ் டிரைவர் ஏத்தித் தர்றேன்” என்றார் கடைக்காரர். மறுநாள் அப்பத்தா மதுரைக்குக் கிளம்புவதாக இருந்ததால் சரி என்றேன். பில்லில் கார்டுக்கு 300, ‘லினக்ஸ் டிரைவர்’ 1,500.

அந்த 1,500-க்கு அங்கே வேலையே கிடையாது. சாதாரண யூஎஸ்பி சவுண்டு கார்டுகளுக்கான டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. செருகினால் தானாக எடுத்துக்கொள்ளும். (அந்தக் கார்டில் பதிவான தாலாட்டில் பாதி இரைச்சல், அது தனிக் கதை.)

ஐசி விஷயம் அதைவிட அநியாயம். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். ‘செத்துப்போன’ ஐசி ஜோராகப் பாடியது, மைக்கும் வேலை செய்தது. இந்த மாதிரி லேப்டாப்களில் உள் மைக் இன்டெல்லின் டிஎஸ்பி (சிப்பில் ஒலியைக் கையாளும் பகுதி) வழியாகத்தான் வரும். அதற்கு ‘சவுண்டு ஓப்பன் ஃபர்ம்வேர்’ என்ற கோப்பு தேவை. அது இல்லாவிட்டால் ஸ்பீக்கரும் சேர்ந்து ஊமையாகிவிடும். டெபியன் 11 அதை நான்-ஃப்ரீ பிரிவில் (காசு என்று அர்த்தமில்லை, டெபியனின் கட்டற்ற மென்பொருள் விதிக்குள் வராதவை) வைத்திருந்ததால் வழக்கமான இன்ஸ்டாலரில் வராது. கோப்பு இல்லை என்று கெர்னல் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் லாகிலேயே எழுதியிருந்தது. கடைக்காரர் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இலவசப் பேக்கேஜ் ஒன்றைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது. 2023-இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டாலரே ஃபர்ம்வேரைச் சேர்த்துத் தருகிறது.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. டிஎஸ்பியைத் தொடாத பழைய எச்டிஏ டிரைவரைக் கட்டாயப்படுத்தி ஸ்பீக்கரை மட்டும் எழுப்பிவிட்டு, “சரி பண்ணியாச்சு” என்று கையில் கொடுப்பார்கள். உள் மைக் ஊமையாகவே இருக்கும். கடையை விட்டு இறங்கும் முன் எதையாவது பேசிப் பதிவு செய்து பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “சாஃப்ட்வேர் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாதுண்ணே” என்றார். பில்லை வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே சொல்கிறேன்.