சைகான் வார் மியூசியம் போறீங்களா, மேல் மாடில இருந்து ஆரம்பிங்க

ஹோ சி மின் சிட்டி (சைகானோட இப்பத்தைய பேரு) வார் ரெம்னன்ட்ஸ் மியூசியத்துக்கு நான் போறது இது ரெண்டாவது தடவ. முதல் தடவ டூர்க்காரங்க ஒரே ஒரு மணி நேரம்தான் குடுத்தாங்க, வாசல்ல நிக்கிற டேங்க், ஹெலிகாப்டர் முன்னாடி எல்லாரும் போட்டோ எடுத்து முடிக்கவே பாதி நேரம் போச்சு. இந்த தடவ தனியா, காலைல ஏழரைக்கு திறந்ததும் உள்ள போயிட்டேன். டிக்கெட் 40,000 டாங், ரெண்டு டாலர் கூட வராது.

நேரா மேல ஏறிடுங்க. அங்க ரெக்வியம்னு ஒரு பகுதி இருக்கு, இந்தோசீனா (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) போர்கள்ல படம் எடுக்கப் போய் உயிர விட்ட நூத்துக்கும் மேற்பட்ட போட்டோகிராஃபர்களோட படங்க. அமெரிக்கா சண்டை போட்ட வியட்நாம் போர்லயே அடிபட்டுப் பொழச்ச ஹார்ஸ்ட் ஃபாஸ், டிம் பேஜ் ரெண்டு பேரும் தேடித்தேடி சேத்தது. 1954ல கண்ணிவெடில கால் வெச்ச ராபர்ட் காப்பால இருந்து, 1971 பிப்ரவரில லாவோஸ் மேல சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெலிகாப்டர்ல இருந்த லாரி பர்ரோஸ், ஹென்றி ஹுவே வரைக்கும். அந்த ஒரு ஹெலிகாப்டர்லயே நாலு போட்டோகிராஃபருங்க.

ஆனா என்னை ரொம்ப நேரம் நிக்க வெச்சது வடக்கு வியட்நாம் பக்கத்து ஆளுங்கதான். அமெரிக்கப் பக்கம் பிரஸ் கார்டு இருந்தா போதும், ராணுவ ஹெலிகாப்டர்லயே ஏறிப் போயி எடுத்துட்டு சாயங்காலம் சைகானுக்குத் திரும்பிடலாம், சென்சாரும் பெருசா கிடையாது. வடக்குக்காரங்களுக்கு பிலிம் பஞ்சம், காட்டுக்குள்ள ராத்திரி ஓடைத் தண்ணில பிலிம் கழுவணும், எடுத்த படம் ஹனோய் போய்ச் சேருமான்னே தெரியாது. அதனால சில பேரோட படத்துக்குப் பதிலா வெறும் பேர்தான் மிச்சம்.

அப்புறம் கீழ் தளத்துக்கு வாங்க. அமெரிக்க ராணுவம் ஊர் சனங்கள சுட்டுக் கொன்ன மை லாய் கிராமத்துப் படங்க முன்னாடி வேகமா நடக்காதீங்க. ரொனால்ட் ஹேபர்லே ராணுவ போட்டோகிராஃபர், ராணுவ கேமரால எடுத்த கறுப்பு வெள்ளை படத்த மேலிடத்துல குடுத்துட்டாரு, சொந்த கேமரால எடுத்த கலர் படத்த மட்டும் கைல வெச்சுக்கிட்டாரு, 1968 மார்ச்ல நடந்தது 1969 நவம்பர்லதான் பேப்பர்ல வந்துச்சு. அந்த சொந்த கேமரா இல்லைன்னா நாம பாக்கற படமே இல்ல.

நாபாம்ங்கற தீக்குண்டுல எரிஞ்சு ஓடி வர்ற சிறுமி படம், 1972 ஜூன் 8, ட்ராங் பாங். ஏபி செய்தி நிறுவனத்து நிக் உட் எடுத்ததுன்னுதான் இவ்ளோ நாளா சொன்னாங்க, 2025ல வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு அந்தப் பேர நிறுத்தி வெச்சிருச்சு, ஏபி மாத்தல. படம் உண்மைங்கறதுல யாருக்கும் சந்தேகம் இல்ல, சண்டை யாரு எடுத்தாங்கங்கறதுக்குத்தான். நிக் உட்டோட அண்ணன் ஹுயின்-தான்-மைங்கறவர் 1965ல ஏபிக்காகப் படம் எடுக்கப் போய் செத்தவர். அவர் பேரு மேல ரெக்வியம்ல இருக்குன்னு தெரிஞ்சதும் திரும்ப மாடி ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

குறைன்னா, கதை ஒரு பக்கமா சாயுது. 1975ல திறந்தப்ப இந்த மியூசியத்துக்கு அமெரிக்க, கைப்பாவைக் (அமெரிக்கா ஆதரிச்ச தெற்கு வியட்நாம் அரசு) குற்றங்களோட கண்காட்சின்னுதான் பேரு, 1995லதான் இப்ப இருக்கற பேரு வந்துச்சு, பேரு மாறுன அளவுக்கு உள்ள தொனி மாறல. ரெக்வியம் மட்டும் ரெண்டு பக்க ஆளுங்களையும் ஒரே சுவத்துல மாட்டியிருக்கு.

ஏஜென்ட் ஆரஞ்ச் (அமெரிக்கா காட்டு மேல தெளிச்ச விஷ மருந்து) ரூமுக்கு சின்னப் பசங்களக் கூட்டிட்டுப் போகாதீங்க. மூணு மணி நேரமாவது வேணும். என் மார்க், அஞ்சுக்கு நாலரை.