பண்டிகை நாளுக்கு ஜூம் தாங்குமா?

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் இருக்கும் குடும்பத்தோடு பண்டிகை கொண்டாட ஜூமின் இலவசக் கணக்கே போதும், 40 நிமிடத்தில் அறுந்துவிடும் என்பதைப் பொறுத்துக்கொண்டால். கூகுள் மீட் மூன்று பேர், அதற்கு மேல் சேர்ந்தால் 60 நிமிடம் தருகிறது.

ஆனாலும் எங்கள் ஓட்டு ஜூமுக்கே, காரணம் சத்தம். வழக்கமான அமைப்பில் மணியோசை, கைத்தட்டல், பாட்டு எல்லாமே அதற்கு வெறும் இரைச்சல்தான். நறுக்கித் தள்ளிவிடும், மறுமுனையில் வாய் அசைவது மட்டும் தெரியும். ஆடியோ அமைப்புகளில் ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ வசதியைப் போட்டால் பாட்டு பாட்டாகவே கேட்கும். மின்விசிறி, மிக்சி சத்தமும் கூடவே போகும், அதனால் அவற்றை நிறுத்திவிடுங்கள். எதிரொலி நீக்கத்தை மட்டும் அணைக்காதீர்கள்.

சேர்ந்து பாடுவது எந்தச் செயலியிலும் நடக்காது. குரல் போய்ச்சேரும் தாமதத்தில் ஆளுக்கொரு தாளம் ஆகிவிடும். ஒருவர் பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கூடப் பாடலாம். ஒரே அறையில் இரண்டு போன் வேண்டவே வேண்டாம், ஊளைச் சத்தம்தான் மிஞ்சும்.

நேரத்தை வாயால் சொல்லாமல் காலண்டர் அழைப்பாக அனுப்புங்கள். சில நாடுகள் கடிகாரத்தை மாற்றும் மாதங்களில் மனக்கணக்கு ஒரு மணி நேரம் தப்பும்.