துறை மின்னஞ்சல்: பொதுக் கடவுச்சொல்லா, ஃபார்வர்டா, குழுவா, பகிர்வுப் பெட்டியா?

பல்கலைக்கழகத் துறையின் மின்னஞ்சல் முகவரி பதவியைச் சேர்ந்தது. துறைத் தலைவர் மாறுவார், அலுவலக உதவியாளர் இடமாற்றம் பெறுவார்; தேர்வுப் பிரிவும் நிதி வழங்கும் நிறுவனங்களும் விண்ணப்பிக்கும் மாணவர்களும் அதே முகவரிக்குத்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள். கல்வி நிறுவனங்களுக்கு இணையப் பெயர் வழங்கும் எர்னெட் இந்தியா என்ற அமைப்பின் வழியாக, ஏசி டாட் இன் என்று முடியும் டொமைனை (இணைய முகவரிப் பெயரை) பெற்று, கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கல்விப் பதிப்பில் அஞ்சலை நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தில், இப்படிப்பட்ட முகவரியை அமைக்க நான்கு வழிகள் உள்ளன. தலைமை கைமாறும் நாளில் எது சிக்கலின்றி நகர்கிறது, பழுது வந்தால் எதைச் சரிசெய்வது எளிது என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

முதல் வழி, ஒரே கணக்கைத் திறந்து அதன் கடவுச்சொல்லை நான்கைந்து பேர் பகிர்ந்துகொள்வது. அட்மினிடம் (அஞ்சல் அமைப்பின் நிர்வாகியிடம்) கோரிக்கை எதுவும் வைக்கத் தேவையில்லை என்பதால் பெரும்பாலான துறைகள் இதில்தான் தொடங்குகின்றன. இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமானதும் இதன் குறை வெளிப்படுகிறது. அலுவலகக் கணினியில் உதவியாளர் உள்நுழைய முயல்வார், சரிபார்ப்பு எண் தலைவரின் கைப்பேசிக்குப் போகும், அவர் வகுப்பில் இருப்பார், “சார், ஓடிபி வந்துச்சா?” என்று வகுப்பறை வாசலில் ஒருவர் நிற்க வேண்டியிருக்கும். ஒரு மடலை யார் அனுப்பினார், யார் அழித்தார் என்று பின்னர் கண்டறிய வழியில்லை. இடமாற்றமாகிப் போனவரின் வீட்டுக் கணினியில் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கலாம்.

அந்தக் கணக்கு பல்கலைக்கழக டொமைனில் இருந்தால் மீட்பதற்காவது வழி உண்டு. அட்மின் கடவுச்சொல்லை மாற்றி, திறந்திருக்கும் அமர்வுகளை எல்லாம் வெளியேற்றி, புதிய தலைவருக்கு, ஓடிபி இல்லாமலும் உள்நுழைய உதவும் காப்பு எண்களை உருவாக்கித் தரலாம். யாரோ ஒருவர் தொடங்கிய இலவச ஜிமெயில் கணக்காக இருந்து, மீட்பு எண்ணாக ஓய்வுபெற்றவரின் கைப்பேசியும் பதிவாகியிருந்தால், பல்கலைக்கழகத்தில் எவராலும் எதுவும் செய்ய இயலாது. துறையின் லெட்டர்ஹெட்டில் அந்த முகவரிதான் அச்சாகியிருக்கும் என்பது வேறு.

இரண்டாவது வழியான ஃபார்வர்டு, அதாவது துறை முகவரிக்கு வருவதை அப்போதைய தலைவரின் சொந்த முகவரிக்குத் திருப்பிவிடுவது, பார்ப்பதற்கு மிக எளிது. ஆனால் இந்த நான்கில் மிகுந்த தொல்லை தருவது இதுவே. பதில் மடல் சொந்த முகவரியிலிருந்து போவதால், பழைய கடிதப் போக்குவரத்து முழுவதும் தலைவரோடு சேர்ந்து துறையை விட்டுப் போய்விடுகிறது. அதைவிடக் கடினமான சிக்கல் அனுப்புநரின் அடையாளச் சரிபார்ப்பில் இருக்கிறது. ஒரு டொமைனின் பெயரில் எந்தெந்த சர்வர்கள் அஞ்சல் அனுப்பலாம் என்பதை அந்த டொமைனின் எஸ்பிஎஃப் பதிவு சொல்கிறது. திருப்பிவிடும்போது மடல் உங்கள் பல்கலைக்கழக சர்வரிலிருந்து கிளம்புகிறது. அனுப்புநரின் பட்டியலில் அந்த சர்வர் இல்லாததால் சரிபார்ப்பு தோல்வியடைகிறது. அனுப்பும் டொமைன் மடலில் பதிக்கும் டிகேஐஎம் என்ற டிஜிட்டல் கையொப்பம் இருந்தால், மடலின் உள்ளடக்கம் மாறாதவரை அது தாக்குப்பிடிக்கும். இடையில் ஏதேனும் ஒரு வடிகட்டி தலைப்பில் “வெளியிலிருந்து வந்தது” என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலும் அந்தக் கையொப்பமும் செல்லாததாகிவிடலாம். இந்தச் சரிபார்ப்புகளில் தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் கொள்கையை அனுப்புநர் கண்டிப்பாக வைத்திருந்தால் மடல் நிராகரிக்கப்படும்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கிய பின் இந்தச் சிக்கலை இன்னும் அடிக்கடி எதிர்பார்க்கலாம். துறையில் இருப்பவர்களுக்கு நடந்தது தெரிவதில்லை என்பதுதான் கொடுமை: 550 5.7.26 என்ற நிராகரிப்பு அறிவிப்பு பெரும்பாலும் மூல அனுப்புநருக்கே போகும். துறையில் “மடல் வரவே இல்லை” என்றுதான் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் அமைப்பில் வெளி முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடுவதை இயல்பமைப்பே தடுத்துவிடுகிறது, 5.7.520 என்ற எண்ணைக் கண்டால் காரணம் அதுதான். டொமைனுக்கு உள்ளேயே ஒருவரின் பெட்டிக்கு மாற்றுப் பெயராக முகவரியை இணைத்தால் இந்தச் சரிபார்ப்புத் தொல்லை எழாது. கடிதங்கள் ஒருவரின் சொந்தப் பெட்டியில் கலந்துகிடக்கும் குறை மட்டும் அப்படியே இருக்கும்.

மூன்றாவது, குழு முகவரி: அதற்கு வரும் மடல் உறுப்பினர் எல்லோருக்கும் போகும். பாடத்திட்டக் குழு, கருத்தரங்க ஏற்பாட்டுக் குழு போன்றவற்றுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. உறுப்பினரைச் சேர்ப்பதும் நீக்குவதும் சில நொடி வேலை. கூகுள் குழுவில் கூட்டு இன்பாக்ஸ் வசதியை இயக்கினால், வந்த மடலை ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கவும் முடிந்ததாகக் குறிக்கவும் இயலும். இங்கே வரும் பழுதுகளில் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வெளியார் எழுத அனுமதி இருக்கிறதா? மைக்ரோசாஃப்டில் விநியோகக் குழு எனப்படும் குழு முகவரிகள் இயல்பாக நிறுவனத்துக்குள் இருப்பவர்களிடமிருந்து மட்டுமே மடலை ஏற்கும். கூகுளிலும் அனுமதி அவ்வாறு அமைந்திருந்தால், சொந்த ஜிமெயிலிலிருந்து எழுதும் விண்ணப்பதாரருக்கு “இந்தக் குழு இல்லாமல் இருக்கலாம், அல்லது உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம்” என்ற பொருளில் பதில் போகும். அவர் துறையே மூடப்பட்டுவிட்டதோ என்று நினைப்பார். இன்னொன்றும் உண்டு. குழுவில் இருப்பவர் அதே குழுவுக்குத் தானே அனுப்பிச் சோதித்துப் பார்த்தால், ஜிமெயில் அந்தப் பிரதியை அவருடைய இன்பாக்ஸில் மீண்டும் காட்டாது. குழு வேலை செய்யவில்லை என்று அட்மினிடம் புகார் கொடுப்பதற்கு முன் வேறொருவரை அனுப்பச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

துறை அலுவலகத்துக்கும் தலைவர் பதவிக்கும் நான் பரிந்துரைப்பது நான்காவது வழியான பகிர்வுப் பெட்டியை. இதில் ஒவ்வொருவரும் தம் சொந்தக் கடவுச்சொல்லில் நுழைந்து பொதுப் பெட்டியைத் திறக்கிறார்கள். கைமாறும் நாளில் ஒரு பெயரை நீக்கி இன்னொரு பெயரைச் சேர்ப்பதோடு வேலை முடிகிறது. பழைய மடல்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மைக்ரோசாஃப்டில் பகிர்வு அஞ்சல்பெட்டிக்கு 50 ஜிபி வரை தனி உரிமம் தேவையில்லை. அதைத் திறப்பவர்களுக்கு உரிமம் இருந்தால் போதும். படிக்கும் அனுமதி வேறு, அந்தப் பெயரில் அனுப்பும் அனுமதி வேறு. இரண்டில் ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, “திறக்கிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை” என்று குழம்புவது மிகச் சாதாரணம். அனுமதி நடைமுறைக்கு வரச் சிறிது நேரமும் பிடிக்கும். அனுப்பிய மடலின் பிரதி பொதுப் பெட்டியில் சேராமல் அனுப்பியவரின் சொந்தப் பெட்டியில் சேர்வதுதான் இயல்பமைப்பு. அதை மாற்றும்படி அட்மினிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே விண்ணப்பத்துக்கு இருவர் இரு விதமாகப் பதில் எழுதும் நிலை வரும்.

கூகுளில் இதற்கு நிகரானது, ஒரு கணக்கின் அணுகலைப் பிறருக்கு ஒப்படைக்கும் வசதி. இதற்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்று வேண்டும். அட்மின் அந்த வசதியை முதலில் இயக்கியிருக்க வேண்டும். ஒப்படைத்தபின் அந்தப் பெட்டி அவருக்குத் தெரிவதற்கு ஒரு நாள் வரைகூட ஆகலாம். ஒப்படைக்கப்பட்டவர் படிக்கலாம், அனுப்பலாம், அழிக்கலாம்; கடவுச்சொல்லை மாற்ற முடியாது. நிர்வாகம் செய்வதற்கு மைக்ரோசாஃப்டின் முறை இன்னும் ஒழுங்கானது. அன்றாடம் பயன்படுத்துபவருக்குக் கூகுளின் முறையில் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவு.

சொந்த சர்வரில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற அஞ்சல் சர்வர் மென்பொருள்களைக் கொண்டு அஞ்சலை நடத்துவதும் சாத்தியமே. ஆனால் அதை இரவுபகலாகக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதால் ஒரு துறை தனியாக அதில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அலுவலகக் கணினியில் இருக்கும் அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ பாப் முறையில் (மடல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்வது) இணைந்திருக்கிறதா, ஐமேப் முறையிலா (மடல்களை சர்வரிலேயே வைத்துப் பார்ப்பது) என்பதைப் பார்த்துவிட வேண்டும். பாப் இணைப்பில், சர்வரில் ஒரு பிரதியை விட்டுவைக்கும் தேர்வு குறிக்கப்படாமல் இருந்தால், காலையில் கணினி திறந்ததும் மடல்கள் அதற்குள் இறங்கிவிடும். தலைவரின் கைப்பேசியில் இன்பாக்ஸ் காலியாகத் தெரியும். பலர் பார்க்கும் பெட்டிக்கு 993 எண் போர்ட்டில் ஐமேப் ஒன்றே பொருத்தம். கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்க மறுத்தால், மென்பொருள், பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் அனுப்பும் பழைய எளிய உள்நுழைவு முறையில் முயல்கிறதா என்று பாருங்கள். அந்த முறையை மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் நிறுத்தத் தொடங்கியது. கூகுளும் நிறுவனக் கணக்குகளுக்கு 2025-இல் நிறுத்திவிட்டது. மென்பொருளைப் புதுப்பித்து, உலாவிச் சாளரம் திறந்து உள்நுழையச் சொல்லும் முறையில் கணக்கை மறுபடி சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பொதுக் கடவுச்சொல் கணக்கிலிருந்து மைக்ரோசாஃப்ட் பகிர்வுப் பெட்டிக்கு மாறும் துறைகள் வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் பெட்டியைப் பகிர்வு வகைக்கு மாற்ற வேண்டும், பிறகே உரிமத்தை எடுக்க வேண்டும். மாற்றாமலே உரிமத்தை எடுத்தால் 30 நாட்களுக்குப் பின் மடல்கள் அழிந்துவிடும். மாற்றிய பிறகும் மூலப் பயனர் கணக்கை நீக்கிவிடக் கூடாது; உள்நுழைவை மட்டும் தடுத்து வைத்தால் போதும். கூகுளில் பழைய துறைக் கணக்கைத் தவறுதலாக நீக்கிவிட்டால், அட்மின் அதை மீட்க 20 நாட்கள் அவகாசம் உண்டு.