ஆன்லைனா, கடைத்தெருவா? பில்லின் கடைசி வரிவரை ஓர் ஒப்பீடு

ஒரே மாடல் ஆன்லைனில் ஒரு விலை, பக்கத்து ஷோரூமில் ஒரு விலை என்று பார்த்ததும் கழித்தல் கணக்குப் போட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். அது பாதிக் கணக்கு. பொருள் வீட்டில் ஓடத் தொடங்கும்போது மொத்தம் எவ்வளவு செலவாகியிருக்கும், பழுதாக வந்தால் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பொருளுக்குப் பொருள் பதில் மாறுகிறது. போன் என்றால் ஆன்லைன், ஏசி என்றால் உள்ளூர்க் கடை, டிவியும் பெரும்பாலும் அப்படியே, லேப்டாப் என்றால் யோசித்து வாங்க வேண்டும். இது என் முடிவு, காரணங்களைச் சொல்கிறேன்.

போன்

போனுக்கு ஃபிட்டிங் செலவு கிடையாது என்பதால் இங்கே மறைசெலவு முழுவதும் பணம் கட்டும் பக்கத்தில்தான் இருக்கிறது. பிளாட்ஃபார்ம் கட்டணம், ஆஃபரைக் கையாளும் கட்டணம், வீட்டில் பணம் கொடுத்தால் அதற்கொரு கட்டணம் என்று கடைசித் திரையில் வரிசையாக வரும். தனித்தனியே சின்னத் தொகைதான். ஆனால் விலையை முதலில் குறைத்துக் காட்டி முடிவில் கூட்டுவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடைசெய்த 13 ஏமாற்று உத்திகளில் அடங்கும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்து நம் சம்மதமாக எடுத்துக்கொள்வதை 2020 இ-காமர்ஸ் விதிகளே தடுக்கின்றன. காப்பீடோ கூடுதல் வாரண்டியோ தானாக ஏறியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

பெரிய ஓட்டை 'நோ காஸ்ட் இஎம்ஐ', அதாவது வட்டி இல்லை என்று சொல்லி விற்கும் மாதத் தவணை. 30,000 ரூபாய் போன், 6 மாதம், மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். வங்கி வட்டி வாங்காமல் இல்லை. 15% வட்டி என்றால், விற்பவர் 1,270 ரூபாயைத் தள்ளுபடியாகக் கழித்து 28,730-ஐ கடனாக்குகிறார். வங்கி அந்த 1,270-ஐ வட்டியாக நம்மிடம் வாங்கிக்கொள்கிறது. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி 229 ரூபாய், அது நம் தலையில். பிராசசிங் கட்டணம் 199 என்றால் அதன் ஜிஎஸ்டியோடு 235. ஆக 464 ரூபாய், விளம்பரத்தில் இல்லாத செலவு. பல கார்டுகளில் இஎம்ஐக்கு ரிவார்டு பாயின்டும் கிடையாது. போனைத் திருப்பிக் கொடுத்தாலும் பிராசசிங் கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று இல்லை என 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ஷோரூமில் ஃபைனான்ஸ் கவுன்டரில் போட்டாலும் இதே கதைதான். அங்கே இஎம்ஐ அட்டைக்கான கட்டணம் என்று இன்னொன்றும் சேரலாம். கையில் பணம் இருந்தால் மொத்தமாகக் கட்டுவதே லாபம்.

எக்ஸ்சேஞ்சில் கடைக்காரர்தான் மேல். அவர் பழைய போனைப் புரட்டிப் பார்த்து ஒரு விலை சொல்வார், பிடிக்காவிட்டால் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆன்லைனில் காட்டும் விலை, டெலிவரிக்கு வருபவர் திரைக் கீறலைப் பார்க்கும்வரைதான். புதுப் போனைப் பிறகு திருப்பிக் கொடுத்தாலும் பழைய போன் வராது, அதன் மதிப்புதான் வரும்.

ஆனாலும் போனுக்கு ஆன்லைன் என்கிறேன். ஷோரூமில் டெம்பர்டு கிளாஸ், பவுச், திரைக் காப்பீடு என்று பேச்சோடு பேச்சாக ஏற்றிவிடுகிறார்கள். சீல் உடைத்தபின் அங்கேயும் திரும்ப வாங்க மாட்டார்கள், சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்வார்கள். ஆன்லைனில் பெட்டியைத் திறந்து காட்டும் டெலிவரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஓடிபி சொல்வதற்கு முன் *#06# அழுத்தி, திரையில் வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். ஓடிபி சொன்ன பிறகு 'பெட்டி காலி' என்று நிரூபிப்பது பெரும்பாடு.

ஏசி

இங்கேதான் ஆன்லைன் விலை அதிகம் ஏமாற்றுகிறது. 1.5 டன் ஸ்பிளிட் ஏசி ஆன்லைனில் 2,000 ரூபாய் குறைவு என்று வாங்குகிறோம். பெட்டிகள் வந்து ஹாலை அடைத்துக்கொள்ளும். ஃபிட்டிங் ஆள் வந்ததும் மீட்டர் ஓடத் தொடங்கும்: ஃபிட்டிங் கூலி, அவுட்டோர் யூனிட்டுக்கு ஸ்டாண்ட், சுவரில் துளை, வடிகால் குழாய், ஸ்டெபிலைசர். எல்லாவற்றையும்விட காப்பர் பைப். பெட்டியோடு வருவது பொதுவாக 3 மீட்டர். படுக்கையறை கீழ்த்தளத்தில், அவுட்டோர் யூனிட் மொட்டைமாடியில் என்றால் அது எந்த மூலைக்கும் போதாது. மேற்கொண்டு ஒவ்வொரு மீட்டருக்கும் காசு, அதைச் சுற்றும் இன்சுலேஷனுக்கும் வயருக்கும் காசு. அந்த நேரத்தில் பேரம் பேச முடியாது. ஏசி ஏற்கெனவே நம்முடையது.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் நாள் கணக்கு. 'ஏழு நாளில் மாற்றித்தரப்படும்' என்பது டெலிவரி ஆன தேதியிலிருந்து. ஏப்ரல், மே வெயிலில் ஃபிட்டிங் ஆளுக்காகக் காத்திருந்தே நாலைந்து நாள் ஓடிவிடும். மாட்டிய பிறகு குளிர்ச்சி போதவில்லை என்றால், கம்பெனி டெக்னீஷியன் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும். அதற்குள் கெடு முடிந்துவிட்டால் மாற்றம் கிடையாது, ரிப்பேர்தான். அவசரப்பட்டு தெரிந்த மெக்கானிக்கை வைத்துப் பெட்டியைப் பிரித்தால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். கேஸ் கசிந்தால் யூனிட் குறையா, பைப் இணைத்தவர் குறையா என்று விற்றவரும் மாட்டியவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள்; நடுவில் வேர்த்துக்கொண்டு நிற்பது நாம்.

உள்ளூர்க் கடையில் 'ஸ்டாண்ட், ஃபிட்டிங், ஐந்து மீட்டர் பைப் எல்லாம் சேர்த்து என்ன விலை?' என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்கலாம். கடைக்காரர் அனுப்பும் ஆள்தான் மாட்டுவார் என்பதால் பொறுப்பும் ஒரே இடத்தில். அந்த 2,000 ரூபாய் வித்தியாசம் இதற்குத் தாராளமாகத் தகும்.

டிவி

ஏசியின் கதைதான், சற்றுச் சின்ன அளவில். பல மாடல்களில் மேசைக்கால்தான் பெட்டியில் இருக்கும், சுவர் மவுன்ட் தனிக்காசு. திரை உடைந்தால் வாரண்டி கிடையாது, அது வழியில் உடைந்ததா நம் கையில் உடைந்ததா என்ற வழக்கு வேறு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது, ஏசிக்கும் அப்படியே. அந்தத் தேதிக்கு முந்தைய எம்ஆர்பியைக் காட்டி '40% தள்ளுபடி' என்றால் நம்ப வேண்டாம்.

லேப்டாப்

சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அங்கே ஒரே பொருளுக்கு 'பில்லோட ஒரு ரேட்டு, பில் இல்லாம ஒரு ரேட்டு' என்பார்கள். பில் இல்லாத விலையில் வாரண்டியும், குறை இருந்தால் வழக்குப் போடும் உரிமைக்கான ஆதாரமும் சேர்ந்தே போய்விடும். ஆன்லைனில் பார்க்க வேண்டியது விற்பவரின் பெயர். தளம் பெரியதாக இருக்கலாம், பில் போடுபவர் யாரோ. ரேம் கூட்டி விற்கும் சில விற்பனையாளர்கள் சீல் பிரித்துதான் கூட்டுகிறார்கள். அந்த ரேமுக்கு கம்பெனி பொறுப்பேற்காது. ஆன்சைட் வாரண்டி என்று இருந்தாலும் உங்கள் பின்கோடுக்கு ஆள் வருவாரா என்று கம்பெனி தளத்தில் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் ஒரு வழி. லேப்டாப் என்றால், 18 வயது நிரம்பிய பயணி ஒன்று வரை சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம். போன் என்றால் கவனம்: அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-ஆம் மாடலிலிருந்து சிம் போடும் இடமே கிடையாது, இ-சிம் மட்டும்தான். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றுக்கு வாங்கிய நாட்டில் மட்டுமே வாரண்டி.

தகராறு வந்தால்

கடை என்றால் நேரில் போய் நிற்கலாம்; அதன் பலம் தெரிந்ததுதான். ஆன்லைனுக்கும் சட்டம் துணை இருக்கிறது. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல், விற்றவர் குர்கானில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வாங்கும்போதே ஆஃபர் பக்கத்தையும் திரும்பப் பெறும் நிபந்தனையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். பண்டிகை விற்பனை முடிந்ததும் அந்தப் பக்கங்கள் மாறிவிடுகின்றன.