பிரைன்வில் நீர்த்தேக்கப் பூங்கா: பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில், குரூக்கட் ஆற்றை மறித்து 1961-இல் கட்டிய போமன் அணையால் உருவான ஏரி இது. சுற்றிலும் ஜூனிப்பர் மரங்கள், சேஜ்பிரஷ் புதர்கள், எரிமலைப்பாறை முகடுகள். வறண்ட நிலத்துப் பறவைகளையும் நீர்ப்பறவைகளையும் ஒரே காலையில் பார்க்க அருமையான இடம். மாதமும் நேரமும் தப்பினால் மட்டும் ஏமாற்றம்தான்.

பூங்கா வடகரையில் இருப்பதால் தெற்கு நோக்கித்தான் நீரைப் பார்க்க வேண்டும். ஜூனில் சூரியன் வடகிழக்கில் உதிக்கும். முதல் இரண்டு மணி நேரம் வெளிச்சம் முதுகுப்பக்கத்திலிருந்து விழுந்து நிறங்கள் துல்லியமாகத் தெரியும். பிறகு கண் கூசும், கானலும் எழும். அப்போது ஸ்கோப்பை (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) 60 மடங்குக்குத் திருகினால் நடுக்கம்தான் பெரிதாகும். 20, 25 போதும்.

இந்த வெளிச்சம் கிரீப் எனும் முக்குளிப்பான்களுக்கு மிக அவசியம். கண் கறுப்புப் பகுதிக்குள் இருந்து அலகு மங்கலான பச்சை மஞ்சளானால் வெஸ்டர்ன் கிரீப். கண்ணைச் சுற்றி வெள்ளை, அலகு பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சள் என்றால் கிளார்க்ஸ் கிரீப். குளிர்காலத்தில் முக நிறம் குழப்பும், அலகையே நம்புங்கள்.

பாசனத்துக்குத் திறந்துவிடுவதால் கோடை முழுக்க நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். கிளம்புமுன் நீர்வளத் துறை இணையத்தில் தரும் அளவைப் பார்த்துவிடுங்கள். ஆகஸ்ட் இறுதியில் சேறு வெளிப்பட்டால் சேற்றில் இரைதேடும் உள்ளான்கள் இறங்கும், ஆனால் தூரத்தில், பைனாகுலர் பற்றாது. சேற்றில் நடந்து நெருங்கப் பார்க்காதீர்கள், கால் புதையும், பறவைகளும் எழும்பிவிடும்.

கோடை வார இறுதிகளில் படகுகளின் இரைச்சல் நீர்ப்பறவைகளை ஒதுக்கிவிடும். விரால் அடிப்பான் எனும் மீன் பிடிக்கும் பருந்து ஒன்றுதான் அதைச் சட்டை செய்யாமல் மீன் பிடிக்கும். ஏப்ரல், மே, அக்டோபர் வார நாட்களையே பரிந்துரைப்போம்.

ஏரியோடு நின்றுவிடாதீர்கள். முகாமிலிருந்து ஜாஸ்பர் பாயிண்ட் செல்லும் கரையோரப் பாதையில் ஜூனிப்பர்களுக்கு இடையே சாம்பல்நிற ஈப்பிடிப்பான்களும் நீலநிற மௌண்டன் புளூபேர்டும் கிடைக்கும். பாறை முகடுகளிலிருந்து படிப்படியாக இறங்கும் சீட்டி கேட்டால் அது கேன்யன் ரென் எனும் சிறு பறவை. பார்ப்பதற்கு முன் காது பிடித்துவிடும். குளிர்காலத்தில் மர உச்சியில் தனித்து உட்கார்ந்து ஜூனிப்பர் பழங்களைக் காவல் காப்பது டவுன்சென்ட்ஸ் சாலிட்டேர் எனும் பறவை. வெண்தலைக் கழுகுக்கும் அதுவே பருவம்.

இரவு தங்குவது வீண்போகாது. செயற்கை வெளிச்சம் குறைந்து வானம் நன்கு இருண்டிருப்பதால் 2021-இல் சர்வதேச இருள்வான் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். மே, ஜூன் இரவுகளில் சரிவுகளிலிருந்து பூர்வில் பக்கி எனும் இரவுப் பறவையின் குரல் கேட்கும். சிவப்பு விளக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கதகதப்பான நாட்களில் பாறையிடுக்கில் கை வைக்குமுன் விரியன் வகையைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாதையில் நிழல் குறைவு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.