கொலுசுக் குறிக்கு எந்த யூனிகோட் எண்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் இரண்டு வேலை கொண்டுவந்தார். ஒன்று, விலைச்சீட்டில் திருகு, கொக்கி, சலங்கை என்று வகை காட்ட அவர்களே வரைந்து புழங்கும் மூன்று குறிகள். இன்னொன்று, ஏற்காடு அடிவாரத்தில் அவர் பாட்டனார் நிலம் வைத்திருந்த காலத்துக் கணக்கு நோட்டு. அதில் கால், மா, முந்திரி என்ற பின்னங்கள் பழைய குறியிலேயே இருக்கின்றன, அப்படியே அச்சாக வேண்டும். எல்லாம் ஒரே எழுத்துருவில் வேண்டுமாம். எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் வரைந்தது அரை நாள், எதை எந்த யூனிகோட் எண்ணில் (ஒவ்வொரு எழுத்துக்கும் உலகப் பொதுவாகக் கொடுத்திருக்கும் எண்) வைப்பது என்பதற்கு ஒரு வாரம்.

சுலபமான வழி, கீபோர்டில் யாரும் தொடாத ஒரு விசையின் எண்ணில் நம் படத்தை உட்காரவைப்பது. பழைய டிடிபி எழுத்துருக்கள் எல்லாம் இப்படித்தான் பிழைத்தன. 2010 ஜூலையில் ரூபாய்க் குறி வந்தபோதும் டேப் விசைக்கு மேலே இருக்கும் அந்தச் சாய்ந்த ஒற்றைக் குறியில் ரூபாயை வரைந்த எழுத்துருக்கள் சுற்றின. எழுத்துரு இல்லாத கணினியில் விலைக்கு முன்னால் ஒரு கீறல் மட்டும் நின்றது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோட் 6.0 தனி எண் கொடுத்துவிட்டது, ஆனால் அந்தக் கீறல் கோப்புகள் தானாகத் திருந்தவில்லை. என்னைக் கேட்டால் இந்த வழியை யோசிக்கவே வேண்டாம்.

அடுத்து, ஏற்கெனவே எண் இருக்கிறதா என்று பார்ப்பது. இதை நான் கடைசியில் செய்தேன், முதலில் செய்திருக்க வேண்டும். 2019இல் வந்த யூனிகோட் 12.0இல் தமிழுக்கென்று துணைப் பகுதி ஒன்றே இருக்கிறது, 51 குறிகள்: முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கிலிருந்து முக்கால் வரை பின்னங்கள், உழக்கு, பதக்கு, பணம், வராகன், நஞ்சை, புஞ்சை கூட. அரைக்கு இரண்டு வடிவம் இருப்பதால் நோட்டில் எது என்று பார்த்துத்தான் போட வேண்டும். சிக்கல் என்னவென்றால் இவை 65,536க்கு அப்பால் இருக்கின்றன. ஃபான்ட்ஃபோர்ஜில் என்கோடிங்கை முழு யூனிகோடுக்கு மாற்றாமல் கட்டம் கண்ணிலேயே படாது, நான் ஒரு மாலை முழுக்கத் தேடினேன். பழைய மென்பொருள் சிலவும் இவற்றைக் கண்டால் திணறும். அப்படியிருந்தும் நோட்டுக்கு இதுதான், ஏனென்றால் நாளைக்கு என் எழுத்துரு தொலைந்தாலும் கூகுளின் இலவச எழுத்துருத் தொகுப்பான நோட்டோவில் இந்தப் பகுதிக்கு எழுத்துரு உண்டு, கால் காலாகவே தெரியும்.

கொலுசுக் குறிக்கு யூனிகோடில் இடம் கிடையாது. அங்கேதான் உண்மையான போட்டி: தனிப்பயன் பகுதியா, எண்ணே இல்லாமல் லிகேச்சரா (அடித்த சில எழுத்துகளுக்குப் பதிலாக எழுத்துருவே ஒரு படத்தைக் காட்டுவது)?

தனிப்பயன் பகுதி, அதாவது பதினாறடிமான எண்ணில் இ000 முதல் எஃப்8எஃப்எஃப் வரை, 6,400 இடம், எவரும் எதையும் வைக்கலாம். எவரும் என்பதுதான் தொல்லை. தமிழக அரசு 2010இல் ஏற்ற டேஸ்16 என்ற தமிழ்க் குறியீட்டு முறை இ100இலிருந்து இதற்குள்ளேயே குடியிருக்கிறது, அங்கே போய் நம் சலங்கையை வைத்தால் அந்த முறையில் அடித்த கோப்பின் நடுவே கொலுசு முளைக்கும். எழுத்துருவை மாற்றினால் வெறும் கட்டம், தேடினாலும் சிக்காது.

லிகேச்சரில் கிளிஃபுக்கு, அதாவது வரைந்த படத்துக்கு, எண்ணே வேண்டாம், ஃபான்ட்ஃபோர்ஜில் யூனிகோட் மதிப்பு -1, எண் இல்லை என்று பொருள். இரண்டு கோலனுக்கு நடுவே திருகு என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் படம் வரும், எழுத்துரு போனாலும் சொல் மிஞ்சும். தமிழிலேயே அடிக்கவைக்கப் பார்த்தேன், தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் ஷேப்பிங் என் லிகேச்சரைக் கண்டுகொள்ளவே இல்லை, விட்டுவிட்டேன். எனக்குப் பிடித்தது இந்த வழிதான்.

ஆனால் பட்டறையின் பில் மென்பொருளில் லிகேச்சர் வேலை செய்யவில்லை. சீட்டில் கோலனும் ஆங்கிலமுமாக அச்சானது. சரி என்று அதே மூன்று கிளிஃபுக்கும் தனிப்பயன் பகுதியில் டேஸ்16க்கு அப்பால் இ700 முதல் எண்ணும் கொடுத்துவிட்டேன், ஒரே கிளிஃபுக்கு எண்ணும் லிகேச்சரும் சேர்ந்து இருப்பதில் தடையில்லை. அந்த மூன்று எண்ணையும் நண்பர் சீட்டில் எழுதி பிரிண்டர் மேலேயே ஒட்டிவிட்டார்.